வடிவமைத்தவர் பெயர்

மடுகரை
6 அக்டோபர் 2025

செல்வி அனுப்பிரியா அவர்களுக்கு,

வணக்கம். மதகடிப்பட்டு ஜங்ஷனில் உங்களுக்கு ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். பத்தடிக்கு எட்டடி. ‘மல்லாட்டை உடைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்துக் கல்லூரிகளுக்கிடையே முதல் பரிசு வென்ற எங்கள் வீட்டுச் செல்வமே’ என்று போட்டு, கீழே உங்கள் அப்பா, சித்தப்பா, உங்கள் மல்லாட்டை மண்டியில் மூட்டை தைக்கிறவர் வரை வரிசையாகப் படம். நடுவில் நீங்கள். உங்கள் பக்கத்தில் என் மெஷின். மெஷினுக்குக் கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தெரிகிறது, இடது வார் கம்பியால் கட்டியது. அது என்னுடையது. என் செருப்புக்காவது இடம் கொடுத்தீர்களே, அந்த அளவில் சந்தோஷம்.

டீக்கடையில் ராமு, “இன்னாபா, உன் மெஷினு அங்க நிக்குது, நீ இங்க நிக்கிற?” என்று கேட்டான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

போன கோடை விடுமுறையில் நாற்பது நாள் என் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாய். காலேஜ் புராஜெக்ட், பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றாய். பன்னிரண்டாவது வரை ஒரே வகுப்பில் படித்தவள் ஆயிற்றே என்று, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நீ காட்டின நோட்டில் எல்லாம் ‘கலையின் மெஷின்’ என்றுதான் தலைப்பு இருந்தது. அது எப்போது உன் மெஷின் ஆனது?

இரண்டே விஷயம். ஏப்ரலில் நீ கொடுக்கப்போகும் கடைசி வருட ரிப்போர்ட்டின் அட்டையில் ‘வடிவமைத்தவர்: கலைவேந்தன், மடுகரை’ என்று இருக்க வேண்டும். நீ விற்கப்போகும் ஒவ்வொரு மெஷினிலும் தகட்டில் அதே வரி இருக்க வேண்டும். காசு கேட்கவில்லை. பங்கு கேட்கவில்லை. பெயர் கேட்கிறேன்.

போன் செய்யாதே, உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் நீ பேச ஆரம்பித்தால் இரண்டு நிமிடத்தில் நான் சரி என்று சொல்லிவிடுவேன், ஸ்கூலில் இருந்தே அப்படித்தான். எழுது. எழுத்தில் என்னை ஏமாற்ற முடியாது. தமிழில் உன்னைவிட எனக்குப் பதினொரு மார்க் அதிகம்.

கலைவேந்தன்


மாணவியர் விடுதி, கோயம்புத்தூர்
13 அக்டோபர் 2025

கலை,

உன் ‘அவர்களுக்கு’ம் ‘நீங்கள்’ளும் இரண்டு பத்திதான் தாங்கின, கவனித்தாயா? இனிமேல் நேராகவே திட்டு.

ஃபிளெக்ஸ் அப்பா வைத்தது. என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அந்தப் பச்சைப் புடவைப் படத்தை நிச்சயம் கொடுத்திருக்க மாட்டேன். பேப்பரில் என் பெயர் மட்டும் வந்தது நிருபர் எழுதியதால். பரிசு வாங்கிய மேடையில் நான் ‘எங்கள் ஊர் வெல்டர் ஒருவரின் உதவியோடு’ என்று சொன்னேன். மறைக்கவில்லை.

என் படிப்பு என்னவென்று உனக்குப் புரியவே இல்லை. ஐந்து வருடம், மெக்கானிக்கலும் பிசினஸும் சேர்ந்தது. காலையில் எந்திரங்களின் இயக்கவியல், மதியம் மார்க்கெட்டிங். மெக்கானிக்கல் பையன்கள் எங்களைக் கடைக்காரிகள் என்கிறார்கள், எம்.பி.ஏ. பையன்கள் ஃபிட்டர் என்கிறார்கள். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஒரு பொருளை வடிவமைத்து, தயாரித்து, நிஜமான வாடிக்கையாளருக்கு விற்றுக் காட்ட வேண்டும். தனிநபர் புராஜெக்ட். அட்டையில் ஒரு பெயர்தான் வரும். மற்றவர்களுக்கு நன்றியுரைப் பக்கம் இருக்கிறது.

நீ செய்தது ஒரு மெஷின். ஒன்றே ஒன்று. அதே மாதிரி இரண்டாவதாக ஒன்றை உன்னால் செய்ய முடியாது. எப்படி அளவு வைத்தாய் என்று கேட்டால் ‘கைக்குத் தெரியும்’ என்கிறாய். நான் அதை 214 முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பைப் பரப்பி உடைசலை எண்ணினேன். மோட்டாரை மாற்றினேன். இங்கே ஒரு தொழிற்சாலையைப் பிடித்தேன். மல்லாட்டை என்று எழுதினால் இங்கே யாருக்கும் புரியவில்லை, ரிப்போர்ட் முழுவதும் நிலக்கடலை என்று மாற்றினேன். நான் வராமல் இருந்திருந்தால் உன் மெஷின் இன்னும் பட்டறை மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடக்கும்.

டிராயிங்கின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு தாள். பொறுமையாகப் பார். இதில் ஒரே ஒரு கோடு நீ போட்டது என்று காட்டிவிட்டால் அட்டையில் உன் பெயரைப் போடுகிறேன்.

பாகூர்ப் பக்கம் நாலு பெண்கள் குழுக்கள் ஆர்டர் கொடுத்திருக்கின்றன. மார்கழி விதைப்புக்கு முன்னால் மெஷின் போய்ச் சேர வேண்டும். உன்னோடு சண்டை போட எனக்கு நேரம் இல்லை.

அனுப்பிரியா


மடுகரை
19 அக்டோபர் 2025

அனு,

நாளை தீபாவளி. ஊர் பட்டாசு வெடிக்கிறது, நான் உன் நாற்பத்தொரு தாளையும் பட்டறைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

‘வெல்டர் ஒருவர்.’ மேடையில் ஏறி நின்றவளுக்கு அந்த ஒருவரின் பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை. பிசினஸ் பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்களா, பெயர் சொன்னால் விலை குறையும் என்று? செய்வதையும் விற்பதையும் ஒரே ஆளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் செய்தவன் தேவையில்லை என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

இந்த மெஷினை ஏன் செய்தேன் என்று உன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறாயா? ‘சந்தையில் உள்ள தேவை’ என்று எழுதியிருப்பாய். என் அம்மா அமிர்தம் உங்கள் மண்டியில் இருபது வருடம் உட்கார்ந்து விதைக் காயைக் கையால் உடைத்தாள். விதைக்கு மெஷின் ஆகாது, பருப்பு அடிபடும் என்று உங்கள் அப்பாதான் சொல்வார். அம்மாவுக்கு வலது கட்டைவிரலில் நகமே கிடையாது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவாள். உங்கள் வீட்டுச் சந்தையில் இருந்த தேவை அதுதான்.

டிராயிங்கைப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். என் கை செய்ததை இவ்வளவு சுத்தமாகத் தாளில் பார்த்தபோது ஒரு நிமிடம் கோபம்கூட மறந்துபோனது. பிறகு பார்த்தேன். ஓர் அளவு தப்பு.

எந்தத் தாள், எந்த அளவு என்று சொல்ல மாட்டேன். நீ 214 முறை இல்லை, ஆயிரம் முறை எண்ணினாலும் உன் எண்ணிக்கையில் அது தெரியாது. அட்டையில் என் பெயரைப் போடு. போட்ட அட்டையைத் தபாலில் அனுப்பு. மறுநாளே சொல்கிறேன்.

கலைவேந்தன்


கோயம்புத்தூர்
3 நவம்பர் 2025

கலை,

உன் மிரட்டல் கடிதம் வந்தது.

கோபம் என்றால் எனக்குப் புரியும். இது என்ன வகை? ‘தப்பு இருக்கிறது, பெயர் போட்டால் சொல்கிறேன்.’ இல்லாத நோய்க்கு மருந்து விற்கிறவன் மாதிரி எழுதியிருக்கிறாய். இருந்தாலும் நான் உன்னைப் போல் விளையாடவில்லை. எல்லாத் தாளையும் இரண்டு முறை சரிபார்த்தேன். என் புராஜெக்ட் கைடு பார்த்தார். முதல் மெஷின் தயாராகி வந்ததும் ஐம்பது கிலோ காயை ஓட்டினேன். உடைசல் மூன்று சதவீதம். உன் மெஷினில் இரண்டரை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

உன் அம்மாவின் விரலைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? சின்ன வயதில் மண்டிக்குப் போனால் எனக்குப் பருப்பு பொறுக்கிக் கொடுத்தவர் அவர். அப்பா செய்தது சரி என்று நான் எங்கே சொன்னேன்? அந்த வேலையே இனி யாருக்கும் இருக்கக் கூடாது என்றுதான் இந்தப் புராஜெக்டை எடுத்தேன். நீ நம்பமாட்டாய்.

ஒரு விஷயம் சொல்கிறேன், உனக்குத் தெரிந்திருக்காது. ஆர்டர் இப்போது நாலு இல்லை, ஐந்து. ஐந்தாவது மடுகரைக் குழு. தலைவி கமலவேணி அக்காவின் கையெழுத்துக்குக் கீழே மூன்றாவதாக இருப்பது அமிர்தம், கணவர் பெயர் நடேசன். உன் அம்மாதான். ஃபிளெக்ஸ் வந்த நாளிலிருந்து நீ உன் மெஷினைப் பூட்டி வைத்திருக்கிறாயாம். யார் கேட்டாலும் எரிந்து விழுகிறாயாம். அவர்களுக்கும் மார்கழிக்கு விதை உடைக்க வேண்டும் அல்லவா? உன் கோபம் தீரட்டும் என்று விதைப்புப் பட்டம் காத்திருக்குமா?

உன் அம்மாவே என் மெஷினை நம்பிவிட்டார். இனிமேல் தப்பு இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாய்?

அனுப்பிரியா


மடுகரை
12 நவம்பர் 2025

அனு,

அம்மாவிடம் கேட்டேன். “ஆமாண்டா, கையெழுத்து போட்டேன். நீ மெஷினைப் பூட்டிக்கினு குந்திகினு இருந்தா நாங்க இன்னா பண்றது? பழையபடி நகத்தாலயா உடைக்கிறது?” என்றாள்.

மெஷின் என்றைக்கு வருகிறது? எந்த ஊரில் முதலில் இறக்குகிறார்கள்? இதற்கு மட்டும் பதில் எழுது. மற்றதெல்லாம் வேண்டாம்.

கலைவேந்தன்


கோயம்புத்தூர்
20 நவம்பர் 2025

கலை,

டிசம்பர் நாலாம் தேதி, வியாழக்கிழமை காலை. வண்டி விழுப்புரம் வழியாக வருவதால் முதலில் மடுகரை, அதன் பிறகு பாகூர்ப் பக்கம் நாலு ஊரும். எனக்குத் தேர்வு இருக்கிறது, நான் வரவில்லை.

இந்தத் தடவை தப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இல்லாததை எவ்வளவு நாள்தான் எழுதுவாய்? மகிழ்ச்சி. நன்றியுரைப் பக்கத்தில் உன் பெயரை முதலாவதாகப் போட்டிருக்கிறேன், கைடுக்கும் முன்னால். இதை நீ கேட்கவில்லை. நானாகப் போட்டேன்.

அனுப்பிரியா


கோயம்புத்தூர்
22 டிசம்பர் 2025

கலைவேந்தன்,

பாகூரில் முளைக்கவில்லை.

நாலு ஊரிலும் சேர்த்து முப்பத்தெட்டு மூட்டை விதைக் காயை என் மெஷினில் உடைத்து, பன்னிரண்டாம் தேதியும் பதின்மூன்றாம் தேதியும் விதைத்திருக்கிறார்கள். பத்து நாளாகிவிட்டது. நூறு விதைக்கு முப்பதுகூட மேலே வரவில்லை. தோண்டிப் பார்த்தால் பருப்பு முழுசாக இருக்கிறதாம், தோல்கூட உரியவில்லையாம், முளை வருகிற மூக்கு மட்டும் கருத்துப்போயிருக்கிறதாம். போனில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் அழுகிறார்கள். ஓர் அம்மா அழவில்லை, “நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு, நாங்க இன்னா தப்பு பண்ணோம்?” என்று கேட்டார்.

மடுகரையில் மட்டும் எல்லாம் முளைத்திருக்கிறது.

ஒரே தொழிற்சாலை. ஒரே டிராயிங். ஒரே வண்டியில் வந்த மெஷின். மண்ணாக இருக்கும், மழையாக இருக்கும், விதையே பழசாக இருக்கும் என்றெல்லாம் இரண்டு நாள் யோசித்தேன். பிறகு கமலவேணி அக்காவிடம் மெஷினைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். உருளையைத் தாங்கும் பேரிங்குக்கு அடியில் இரண்டு பக்கமும் தகடு வைத்திருக்கிறது. நான் வரையாத தகடு. கிரைண்டரில் வெட்டி ஓரத்தைத் தேய்த்தது. அந்த வெட்டு யாருடையது என்று நாற்பது நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்குத் தெரியாதா?

அக்காவைக் கேட்டேன். “வண்டி எறங்கின அன்னிக்கே கலை வந்து பிரிச்சி இன்னாமோ வச்சிட்டுப் போனான். இனிமே நல்லா ஓடும்னான்” என்றார்.

ஆக, தப்பு இருந்தது. உனக்குத் தெரிந்தும் இருந்தது. தேதி கேட்டதும் முதலில் எந்த ஊர் என்று கேட்டதும் இதற்காகத்தான். உன் அம்மாவின் விதையைக் காப்பாற்றிவிட்டு, மற்ற நாலு மெஷினோடு வண்டி பாகூர்ப் பக்கம் திரும்பியதை நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஸ்பேனர் உன் கையில் இருந்தது. டிரைவரை நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பெயருக்காகவா இது? ஒரு வரிப் பெயருக்காகவா?

அனுப்பிரியா


மடுகரை
29 டிசம்பர் 2025

அனு,

ஆமாம். தெரியும்.

முதலில் தப்பு எது என்று எழுதிவிடுகிறேன், இனி அதை வைத்துக்கொண்டு எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. தாள் பதினேழு. உருளைக்கும் சல்லடைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. நான் ஸ்கேல் வைத்து வேலை செய்வதில்லை, ஒரு மூங்கில் குச்சியில் வெட்டு போட்டு வைத்திருப்பேன், நீ பார்த்திருக்கிறாய். நான் சாப்பிடப் போயிருந்த நேரம் அந்தக் குச்சியை உன் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டிருக்கிறாய். இரண்டு தசமத்தோடு எழுதியிருக்கிறாய். ஆனால் அது மெஷினின் அளவு இல்லை. வெல்டு வைப்பதற்கு முந்தின அளவு. நான் சல்லடைக் கம்பிகளை வெளிப்பக்கமாக வெல்டு வைப்பேன். அது ஆறும்போது இழுத்து, வளைவு ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, விரியும். விரியும் என்று தெரிந்தேதான் குச்சியில் ஒரு நூல் குறைத்து வெட்டியிருப்பேன். உன் தொழிற்சாலையில் போல்ட் போட்டு முறுக்குகிறார்கள். அது விரியாது. அந்த ஒரு நூல் இறுக்கத்தில் பருப்பு உடையாது, ஆனால் மூக்கு நசுங்கிவிடும்.

மெஷினைப் பிரித்து அளந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். பிரித்தால் மறுபடி செட் ஆகாது என்று நான்தான் தடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ 214 முறை உடைசலை எண்ணினாய். அம்மா ஒவ்வொரு தடவையும் நூறு பருப்பை ஈரத்துணியில் முடிந்து வைத்து, ஐந்தாம் நாள் முளையை எண்ணினாள். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். ஒரு நாளாவது இது எதற்கு என்று கேட்டாயா? மல்லாட்டை மண்டிக்காரர் மகள், விதை முளைக்குமா என்று பார்க்கத் தோன்றவில்லை. விற்குமா என்று மட்டும் பார்த்தாய். இதில் உனக்கும் பங்கு இருக்கிறது, மொத்தத்தையும் என் தலையில் கொட்டிவிட்டுப் போய்விடாதே.

இனி என் பங்கு. அன்று வண்டி வந்ததும் உருளையை ஒரு நூல் தூக்கத் தகடு வைத்தேன். அரை மணி வேலை. மீதித் தகட்டையும் வெட்டிக் கொண்டுபோயிருந்தேன், எட்டு தகடு, சட்டைப்பையில் இருந்தது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொல்லலாம் என்று போனேன். அப்போது மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். உன் பெயர், உன் கம்பெனியின் பெயர், உன் போன் நம்பர். அவள் மெஷின்தானே, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. வண்டி போய்விட்டது. நாளைக்குப் பாகூர் போய்க்கொள்ளலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். ஐந்தாறு நாள் அப்படியே போனது. அதற்குள் உடைத்து முடித்துவிட்டார்கள்.

அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். அவள் கத்தவில்லை. “பாகூர்க்காரிங்க உன்ன இன்னாடா பண்ணாளுங்க?” என்று மட்டும் கேட்டாள். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள்.

பாகூர்ப் பக்கத்துப் பெண்கள் மறுபடி விதைப்பதற்கு விதை வாங்க எங்கே வந்தார்கள் என்று தெரியுமா? உன் அப்பா மண்டிக்கு. நல்ல விலை சொன்னாராம். உன் பிசினஸ் பாடத்தில் இதற்கும் ஏதாவது பெயர் இருக்கும்.

கலைவேந்தன்


மதகடிப்பட்டு
8 ஜனவரி 2026

கலைவேந்தன்,

ஊருக்கு வந்திருக்கிறேன். நாலு தெரு தள்ளிப் போய் பஸ் பிடித்தால் அரை மணியில் உன் பட்டறை. வர மாட்டேன்.

விதையைப் பற்றி. அப்பாவோடு சண்டை போட்டேன். கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று, வேலையாட்கள் பார்க்கக் கத்தினேன். பரிசுத் தொகை முழுவதையும் வைத்தேன், போதவில்லை என்றதும் வளையலைக் கழற்றி வைத்தேன். நாலு ஊருக்கும் விதை போய்விட்டது. அப்பாவும் என்னோடு பேசுவதில்லை. நம் இரண்டு வீட்டிலும் இப்போது ஒரே நிலைமைதான். ஆனால் சிலருக்கு விதை போவதற்குள் நாள் கடந்துவிட்டது. குத்தகை நிலம் வைத்திருந்தவர்கள் சிலர் விட்டுவிட்டார்கள்.

கைடிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குச்சியைச் சொன்னேன், முளையை எண்ணாததைச் சொன்னேன், மெஷின் யார் செய்தது என்பதையும் சொன்னேன். பரிசைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், தொகையைத் தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். புராஜெக்ட் ரத்து. ஒரு வருடம் கூடுதலாகப் படிக்க வேண்டும். வகுப்பில் இப்போது கடைக்காரி என்றும் கூப்பிடுவதில்லை, ஃபிட்டர் என்றும் கூப்பிடுவதில்லை.

நீ கேட்டது இரண்டு. ரிப்போர்ட்டின் அட்டை, மெஷினில் தகடு. ரிப்போர்ட்டே இல்லை, அதனால் அட்டையும் இல்லை. தகட்டைச் செய்துவிட்டேன். பித்தளையில் எழுத்து வெட்டச் சொல்லி நாலு தகடு வாங்கினேன். என் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, போன சனிக்கிழமை நானே பாகூர்ப் பக்கம் நாலு ஊருக்கும் போய், நானே டிரில் போட்டு, ரிவெட் அடித்தேன். உட்கார்ந்து காய் போடுகிறவர் கண்ணுக்கு நேராக இருக்கும்படி அடித்திருக்கிறேன். இரண்டு வரி.

வடிவமைத்தவர்: கலைவேந்தன், மடுகரை.
அளந்தவர், விற்றவர்: அனுப்பிரியா, மதகடிப்பட்டு.

சுற்றி நின்றவர்களிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எட்டு தகடு உன் சட்டைப்பையில் இருந்தது வரைக்கும் சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுத்தேன் என்று வைத்துக்கொள். என்னையும் சேர்த்துத்தான் காட்டிக்கொடுத்தேன்.

முளைக்கிற மெஷினுக்குப் பெயர் கேட்டாய். முளைக்காத மெஷினும் நீ செய்ததுதான். பெயர் வந்துவிட்டது, வைத்துக்கொள்.

இனி எனக்கு எழுதாதே.

அனுப்பிரியா


மடுகரை
20 ஜனவரி 2026

அனு,

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான், பிறகு இல்லை.

பொங்கல் முடிந்ததும் பாகூர்ப் பக்கம் போனேன். உனக்காகப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. ‘வெல்டர் ஒருவர்’ என்று நீ சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என்னை நாலு ஊரில் நிறுத்தி அம்பலப்படுத்தியதையும் மறக்க மாட்டேன். ஆனால் நீ சொன்னதில் பொய் இல்லை. அதனால் திருப்பித் திட்ட வழி இல்லாமல் போய்விட்டது.

மூன்று ஊரில் மெஷினைப் பிரித்துப் பேரிங்குக்கு அடியில் தகடு வைத்தேன். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, யாரும் ஏசவும் இல்லை. வேலை முடியும்வரை தூரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த பட்டத்துக்கு ஈரத்துணியில் முளை பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுவோம் என்று ஒருத்தி சொன்னாள். சரி என்றேன்.

நாலாவது ஊரில் மெஷின் இருந்தது தையலம்மாள் என்கிறவள் வீட்டுக் கொட்டகையில். என் அம்மா வயதிருக்கும். அறுபது சென்ட் குத்தகை நிலம், இந்தத் தடவை விதை வருவதற்குள் நாள் போய்விட்டதால் நிலத்துக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். கொட்டகைக்கு எதிரிலேயே அந்த நிலம். வேறு யாரோ உளுந்து போட்டிருக்கிறார்கள்.

நான் ரிப்பேர் செய்ய வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு ஒரு பலகையை எடுத்துப் போட்டாள். “குந்துப்பா, நின்னுகினே செய்றியே” என்றாள். மோர் கொண்டுவந்தாள். வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன். பேரிங்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, “உன் பேரு இன்னா, எந்த ஊரு?” என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் மெஷின் பக்கம் குனிந்து, நீ அடித்த பித்தளைத் தகட்டில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் படித்து முடிக்கும்வரை நான் ஸ்பேனரைப் பிடித்தபடி இருந்தேன்.

“இது நீதானா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். ஃபிளெக்ஸுக்குக் கீழே நிறுத்தி, ஜங்ஷனில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் கேட்க வேண்டும், நான் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

“நான்தாம்மா” என்றேன்.

அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொரு முறை கேட்டாள். இன்னொரு முறை சொன்னேன்.

கலைவேந்தன்